குறைந்த விலைப்புள்ளியும் செட்டிச்சாவடிக் குப்பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் உள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் கொள்முதல் மற்றும் பண்டகப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்கைப் பற்றியோ, திருமணிமுத்தாற்றில் ஓடும் சாயநீரைப் பற்றியோ, ஏற்காடு மலைப்பாதையின் ஓரங்களில் சிக்கிக் கிடக்கும் நெகிழிப் பைகளைப் பற்றியோ வாசகர்கள் எழுதும்போதெல்லாம், பழி பொதுமக்கள் மீதோ மாநகராட்சியின் மீதோதான் விழுகிறது. அந்தக் குப்பையில் ஒரு பகுதி, எங்களைப் போன்றவர்களின் மேசையில் கொள்முதல் ஆணைக்குக் கையெழுத்து விழுந்த அன்றே உருவாகிவிட்டது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவனே அதை எழுதுவதுதான் முறை என்று கருதி இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

நிறுவனங்களில் ஒரு பொருள் எப்படி வாங்கப்படுகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. துறையிலிருந்து இண்டென்ட், அதாவது தேவையைக் கேட்டு எழுதும் படிவம், வரும். பண்டகப் பிரிவு மூன்று கடைகளில் கொட்டேஷன் (விலைப்புள்ளி) கேட்கும். மூன்றையும் ஒப்பீட்டுப் பட்டியலில் எழுதி, குறைந்த விலைக்கு எதிரே சிவப்பு மையில் 'எல்-1' என்று குறித்து அனுப்பினால், மேலே இருப்பவர் அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவார். இந்த முறையின் மீது எனக்குக் குறை இல்லை; இது இல்லாவிட்டால் எல்லாப் பொருளும் யாரோ ஒருவரின் மைத்துனர் கடையிலிருந்தே வரும். குறை இருப்பது இண்டென்டில்தான். 'மின்விசிறி 120', 'டீ கப் 10,000', 'சீருடைத் துணி 600 மீட்டர்' என்று ஒற்றை வரியில் கேட்டால், அந்தப் பெயருக்குப் பொருந்துகிற மிக மலிவான சரக்கைத்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். சுற்றுச்சூழலுக்கு உகந்த கொள்முதல் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசப்படுவதெல்லாம், என் அனுபவத்தில், அந்த ஒற்றை வரியை நான்கு வரியாக எழுதுகிற வேலைதான்: எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா, எதில் சுற்றி வரும், உபயோகம் முடிந்தபின் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கடைக்காரர் விலை போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அரசு அலுவலக நண்பர்களிடம் இதைச் சொன்னால், "குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே" என்பார்கள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10-வது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று மதிப்பிட்டுக் கணக்கிட்டுக் காணும் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத்தான் அது ஏற்கச் சொல்கிறது. பத்தாண்டு மின்கட்டணம் அளந்து பார்க்கக்கூடிய காரணி இல்லையென்றால் வேறு எது அப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பொதுக் கொள்முதலுக்கு வகுத்த நெறிமுறையும், வாங்கும் விலையோடு ஒரு பொருளின் வாழ்நாள் செலவையும் சேர்த்துக் கணக்கிட வழி செய்திருக்கிறது. அவர்களும் விலை பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைகளுக்காக 120 மின்விசிறிகள் வாங்கினோம். வழக்கமான விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் போதும். பின்னது அன்றைக்கு ஒன்றுக்கு 1,400 ரூபாய் கூடுதலாக இருந்ததால் ஒப்பீட்டுப் பட்டியலில் அது மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. சிவப்பு மையால் நான்தான் குறித்தேன். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு விசிறியில் ஏறக்குறைய 79 யூனிட், நூற்றிருபது விசிறிகளில் 9,500 யூனிட் மிச்சமாகும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 76,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய 1,68,000 ரூபாய் இரண்டேகால் ஆண்டுக்குள் திரும்பி வந்திருக்கும்; விசிறியோ பத்தாண்டுக்குக் குறையாமல் ஓடும் பொருள். இந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை. காரணம் எளிமையானது. விசிறி வாங்கும் பணம் எங்கள் பிரிவின் செலவுத் தலைப்பில் இருந்தது. மின்கட்டணம் பராமரிப்புப் பிரிவின் தலைப்பில் இருந்தது. என் தலைப்பில் மிச்சப்படுத்தியதற்காக என்னைப் பாராட்டினார்கள். அவர்கள் தலைப்பில் கூடிய செலவுக்கு அவர்களைக் கடிந்துகொண்டார்கள். தணிக்கைக்கு வந்தவரும் விலை கூடியதை வாங்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். விலை குறைந்ததை வாங்கியதால் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது மின்விசிறிகளுக்கும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், வாங்குபவர் வாட் கணக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்து நட்சத்திரம் என்ற இரண்டு சொற்களை இண்டென்டில் சேர்த்தால் போதும். குளிர்சாதனக் கருவிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் இதே விதிதான். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது டீ கப். மெழுகுக் காகிதம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கப்பின் உட்புறம் இருப்பது மெல்லிய பாலிஎத்திலீன் படலம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் இருக்கின்றன. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலப்பதாகக் கண்டார்கள். தடை வந்து வெகுநாள் கழித்தும் எங்கள் பண்டக அறையில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அந்தக் கப் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சட்டத்தை மீற வேண்டும் என்று நினைக்கவில்லை. போன மாத இண்டென்டைப் பார்த்து இந்த மாத இண்டென்டை எழுதினார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் அதை நிறுத்தியது சட்டமும் அல்ல, ஆய்வும் அல்ல. சமையற்கூடத்தில் இருந்த ஒரு அம்மா, "துருப்பிடிக்காத இரும்புக்குன்னே ஆலை வச்சிருக்கிற ஊர்ல உக்காந்துகிட்டு காயிதத்துல டீ குடிக்கிறீங்களே" என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அடுத்த வாரம் செவ்வாய்ப்பேட்டையில் எவர்சில்வர் டம்ளர்கள் எடை போட்டு வாங்கினோம். காணாமல் போய்விடும் என்றுதான் முதல் எதிர்ப்பு வந்தது. நம் வீடுகளில் செய்வதைப் போலவே, ஒவ்வொரு டம்ளரின் விளிம்புக்குக் கீழும் துறையின் பெயரையும் வரிசை எண்ணையும் வெட்டச் செய்தோம். பெயர் வெட்டுகிறவர் பண்டக அறை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் ஊசியால் கொத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சில டம்ளர்கள் போகத்தான் செய்தன. கழுவுவதற்குத் தண்ணீரும் ஆளும் தேவைப்பட்டது உண்மை, கோடையில் மேட்டூர்க் குடிநீர் வாரத்தில் சில நாள் மட்டும் வந்தபோது அது சிரமமாகவும் இருந்தது. ஆனாலும் நசுங்கி அடிபட்ட டம்ளரைக்கூடப் பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பாலிஎத்திலீன் ஒட்டிய காகிதத்தை எந்தக் கடைக்காரரும் தொடுவதில்லை. கழுவ வசதியில்லாத பெரிய விழாக்களுக்கு வாழையிலை இருக்கிறது. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோப்புகளில் விழும் பாக்குமட்டையிலிருந்து அச்சில் அழுத்தி எடுக்கும் தட்டும் இருக்கிறது. அவை இரண்டாவது தேர்வாக இருக்கட்டும். முதல் தேர்வு மறுபடி மறுபடி உபயோகிக்கக் கூடியதாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. கோலி சோடா பாட்டில், கேஸ் சிலிண்டர், பால் கிரேட், 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாமே காலியானதைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் பொருள்கள். யு.பி.எஸ். பேட்டரி வாங்கும்போது பழைய பேட்டரிக்கு விலையில் கழித்துக் கொடுக்காத வியாபாரி கிடையாது. உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, 2001-இலிருந்தே அதற்கு விதியும் உண்டு. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் முறை தொடங்கியது. கடைக்குத் திருப்பி அனுப்பும் வழி வாங்கும்போதே விலைக்குள் அமைந்துவிட்டால், காட்டில் எறிவதற்கு ஆள் குறைகிறார்கள். எங்களைப் போன்ற நிறுவனங்கள் நாற்காலி, கணினி, ஆய்வகக் கருவி வாங்கும்போது அதோடு வரும் தெர்மாகோலையும் பாலித்தீன் உறையையும் இறக்கிய வண்டியிலேயே திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் ஒரு நிபந்தனை எழுதினால் போதும். நான் பணியின் கடைசி மூன்று ஆண்டுகளில் அப்படி எழுதினேன். முதல் தடவை முணுமுணுத்த விற்பனையாளர், இரண்டாம் தடவை தெர்மாகோல் இல்லாமல் நெளி அட்டையில் கட்டி அனுப்பினார். திருப்பித் தூக்கிச் செல்லும் கூலி அவர் கையிலிருந்து போனதுதான் காரணம்.

இந்த நிபந்தனை எங்களைவிட ஏற்காட்டுக்கு அதிகம் தேவை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் அங்கே ஒவ்வொரு சரக்கும் போகிறது. அதன் உறை இறங்கி வருவதில்லை. விடுதிகள் அறைக்கு அறை வைக்கும் ஷாம்பு, சோப்புக் கரைசல் பொட்டலங்கள் பல அடுக்குப் படலத்தால் ஆனவை. அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். சுவரில் பொருத்திய குப்பியில் ஐந்து லிட்டர் கேனிலிருந்து நிரப்பிக்கொள்வதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. சென்ற ஆண்டு குடும்பத்தோடு அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, சன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரத்தையும் மிளகுக் கொடியையும் ஒட்டி நிழலில் காபிச் செடி பூத்திருந்தது; மேசை மேலோ வெளியூர் இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலங்கள் நான்கு இருந்தன. 1820-இலிருந்து காபி விளையும் மலையில், இருநூறு ஆண்டுக்குப் பிறகு, காபித் தூளை அலுமினியப் படலத்தில் சுற்றி மலையேற்றுகிறோம். இதை எழுதுவது குறை சொல்வதற்காக அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் கிலோக் கணக்கில் வாங்கி டப்பாவில் வைத்தால் விலையும் கூடாது, சுவையும் கெடாது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சேலத்து நிறுவனங்கள் தங்கள் ஊர் ஆற்றை நேரடியாகத் தொடும் கொள்முதல் அதுதான். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. நகரில் நுழையும்போது இருக்கும் நிறம் வேறு, வெளியேறும்போது இருக்கும் நிறம் வேறு. அதில் சாயப்பட்டறைக் கழிவுக்கு எவ்வளவு பங்கு, சாக்கடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர், ஆய்வக உதவியாளர் என்று நாங்கள் ஆண்டுதோறும் வாங்கிய சீருடைத் துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது என்று இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும் வியாபாரியைக் கெட்டிக்காரர் என்றே எண்ணினேன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைத் தவிர்த்த பட்டறையிலிருந்து வாங்கியவராலும் அப்படிக் குறைத்துக் கொடுக்க முடியும் என்பது அப்போது தோன்றவில்லை. திருப்பூரில் 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வாங்க வரும் வெளிநாட்டு நிறுவனங்களே அதைப் பற்றிக் கேள்வி கேட்கின்றன. அந்தக் கேள்வியை உள்ளூர்க்காரர்களான நாம் கேட்பதில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் நடப்பு இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) உள்ள பட்டறையில் சாயமேற்றியது என்பதற்கு நகல் இணைக்க வேண்டும் என்ற ஒரே வரி, சீருடைக் கொட்டேஷனில் இருக்கலாம். படுக்கை விரிப்பு, துண்டு, மேசை விரிப்பு போன்றவற்றுக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரடியாகவே வாங்கலாம்; தறி ஓடும் வீதிகள் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் நடந்து போகும் தூரத்தில்தானே இருக்கின்றன.

காகிதத்துக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது. அதை வாங்கி, இரு பக்கமும் அச்சிடும்படி கணினிகளில் ஒருமுறை அமைத்துவிட்டால் தாள் செலவு கண்கூடாகக் குறைவதை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்தேன்.

மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கொள்முதல் பிரிவில் இருந்தவன் எழுதிய கடிதமாக இது இருக்காது. மார்ச் 31-க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறைந்துவிடும் என்ற பயத்தில், அந்த மாதத்தின் கடைசிப் பத்து நாளில் வரும் இண்டென்டுகளை நீங்கள் பார்க்க வேண்டும். தேவைப்படாத பிரிண்டர், உறை பிரிக்காத அலமாரி, காலாவதித் தேதி நெருங்கிய ஆய்வக ரசாயனம் எல்லாம் அப்போதுதான் வரும். நான் ஓய்வுபெற்று சாவியை ஒப்படைத்த நாளில் இருப்பைச் சரிபார்த்தபோது, இரண்டு மார்ச்சுகளுக்கு முன் வாங்கிய டோனர் பெட்டிகள் பதினொன்று அட்டை பிரிக்காமலே இருந்தன. அவை பொருந்தும் பிரிண்டர்களை அதற்குள் கழித்துக் கட்டியிருந்தோம். வாங்காமல் விட்ட பொருளைவிடச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் வேறெதுவும் இல்லை என்பதால், மிச்சமான தொகையில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல நிர்வாகங்கள் அனுமதிப்பது, எந்தப் பசுமைக் கொள்கை அறிக்கையையும் விட அதிகப் பயன் தரும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இலை படம் போட்டுப் பச்சை எழுத்தில் 'மக்கும்' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் மக்கிவிடாது. மக்கும் பைகள் என்று விற்கப்படுபவை மக்கும் நெகிழிக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டவையா, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவைகூட முறையான உரக்கிடங்கின் வெப்பத்தில்தான் மக்கும், மலைச்சரிவில் எறிந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். மத்திய அரசு 1991-இலேயே மண்பானைச் சின்னத்தோடு சுற்றுச்சூழல் முத்திரை ஒன்றைக் கொண்டுவந்து, 2024-இல் அதன் விதிகளைப் புதுப்பித்திருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பானையை ஒரு பொட்டலத்தின் மீதுகூட நான் பார்த்ததில்லை என்றால், கேட்டு வாங்குகிறவர்கள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் கேட்கிறோம் என்ற பெயரில் சிறு வியாபாரிகளை வெளியே தள்ளிவிடவும் கூடாது. பெரிய நிறுவனங்கள் சில, எல்லா விற்பனையாளரிடமும் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்று கேட்கின்றன. பாக்குமட்டைத் தட்டு செய்யும் குடும்பமோ, லீ பஜாரில் மூட்டையாகச் சோப்புத்தூள் விற்பவரோ அதற்கு எங்கே போவார்கள்? நிலைத்தன்மையோடு கொள்முதல் செய்வதற்கென்று 2017-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 20400 என்பதே வழிகாட்டிதான். அதன்படி யாருக்கும் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. சிறியவரிடம் தாளைக் கேட்பதைவிட, ஒரு அரை நாள் ஒதுக்கி அவர் பட்டறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது மேல். சாயநீர் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வாய்க்காலை ஒட்டி நூறடி நடந்தால் போதும்.

சேலத்தில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் திருமண மண்டபங்களும் அலுவலகங்களும் ஏராளமாக இருக்கின்றன. தனித்தனியே நூறு விசிறியும் ஐந்நூறு டம்ளரும் கேட்பதற்குப் பதில், நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரே விவரக்குறிப்பில் கேட்டால், நட்சத்திர விசிறிக்கும் சாதாரண விசிறிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசமே பாதி கரைந்துவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு கொள்முதல் அலுவலர்கள் இதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்களுடைய நிர்வாகங்களிடமிருந்து அனுமதிதான் வர வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கான தேவைப் பட்டியலைத் துறைகள் தை, மாசி மாதங்களிலேயே எழுதி முடித்துவிடுகின்றன. போன ஆண்டுப் பட்டியலைப் பார்த்து அப்படியே படியெடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதால், இடமிருந்தால் பொங்கலுக்குள் வெளியிட்டு உதவுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பண்டக அலுவலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.